ஏழாவது கட்டம்

எங்கள் அலுவலகத்துக்குப் புத்தகம் கேட்டு யாரும் வருவதில்லை.
சட்டமன்றத்துக்குப் பின்புறம்,
'மாநில நூலக வாரியம்' என்று பித்தளையில் பொறித்த கதவு.
எப்போதாவது ஒருவர் எட்டிப் பார்த்து
ஓட்டுநர் உரிமம் இங்கேதானா என்பார்.
அடுத்த கட்டடம் என்போம்.
டகோட்டா குளிரில் அதுவே நெடுந்தூரம்.

எங்கள் வேலை எண்ணுவது.
எழுபத்துச் சொச்சம் ஊர்கள், ஊருக்கொரு படிவம்.
ஜனவரியில் வர வேண்டும், மார்ச்சில் வரும்.
பக்கத்து மேசையில் டார்ல்
பார்வையற்றவர்களுக்கான ஒலிநூல்களை
உறையிலிட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான்.
நான் பழைய படிவங்களை ஸ்கேன் செய்கிறேன்.

கீழ்த்தளத்தில் இன்னும் மூன்று பெட்டிகள்.
ஓக் மரம், இரும்புப் பூண்,
நாற்பது புத்தகத்துக்கு இடம்.
ஒரு காலத்தில் ரயிலேறிப் போனவை.
ஊரில் பத்துப் பேர் கையெழுத்திட்டால் போதும்,
கூலியைக் கட்டினால் போதும்,
நூலகம் அந்த ஊர் நிலையத்தில் இறங்கும்.
புழுதிப் புயல் ஆண்டில் திரும்பிய ஒன்றுக்கு
'புத்தகம் நாற்பது, மண் ஒன்றரைப் பவுண்டு'
என்று யாரோ நிறுத்தே எழுதியிருக்கிறார்கள்.

1933. ஊர்: ஸ்கார்வா.
நூலகர்: ரக்னா ஸ்டென்ஸ்ருட்.
சொந்தப் புத்தகம் 212.
சம்பளம் என்ற இடத்தில் ஒரு கோடு.
நிலக்கரி இரண்டு டன், அதில் ஒன்று கடன்.
ஏழாவது கட்டம்: வாசகர் எத்தனை பேர்?
அங்கே எண் இல்லை. ஓரத்தில் பென்சிலில்,
நுணுக்கி நுணுக்கி:

'ஒருவர் தினமும் வருகிறார்.
தண்டவாள வேலை போனவர்.
கணப்பருகே உட்காருகிறார்.
கையில் தேனீ வளர்ப்பு நூல்.
நவம்பரிலிருந்து முப்பத்தோராம் பக்கம்.
அவரை எழுதினால் நாற்பத்தாறு,
எழுதாவிட்டால் நாற்பத்தைந்து.
வாரியத்துக்குப் பொய்க்கணக்குத் தர மாட்டேன்.
சொல்லுங்கள்.'

பதிலின் கார்பன் நகல் பின்னால் குத்தியிருக்கிறது,
குண்டூசி துருவேறிக் காகிதத்தோடு ஒட்டிப்போய்.
செயலாளர் மிஸ் லெனோர் பிட்கின்.
அந்த ஆண்டு அவருக்கே மூன்று மாதம் சம்பளம் வரவில்லை
(அது வேறு கோப்பு).
மூன்றே வரி:

'பெட்டி எண் 58 நேற்று ரயிலேறியது.
தேனீ பற்றி இன்னும் இரண்டு நூல் வைத்திருக்கிறேன்.
நாற்பத்தாறு.'

அடுத்த ஆண்டுப் படிவத்தில்
ஏழாவது கட்டத்தின் அச்சு மாறியிருக்கிறது:
கதவைத் திறந்து உள்ளே வந்தவர்கள்.
எந்தக் கூட்டத்தில், யார் சொல்லி,
குறிப்பேதும் இல்லை.
ஸ்டென்ஸ்ருட் நாற்பத்து நான்கு என்று நிரப்பியிருக்கிறார்.
ஓரத்தில்: 'பெட்டி திரும்புகிறது.
தேனீ நூல் ஒன்று குறைகிறது.
விலையை நானே தந்துவிடுகிறேன்.'

தந்தாரா தெரியாது.
பேரேட்டில் அது 'தொலைந்தது' என்று இல்லை.
'வெளியே' என்றிருக்கிறது.
கணினிக்கு மாற்றும்போது டார்ல் கேட்டான், நீக்கவா?
காபி எடுத்துவர எழுந்து போனேன்.
வந்தபோது அடுத்த வரிக்குப் போயிருந்தான்.

வியாழக்கிழமை நிதிக்குழு.
இந்த அலுவலகம் என்னதான் செய்கிறது என்று
சென்ற முறை கேட்ட அதே உறுப்பினர்
இம்முறையும் கேட்பார்.
இயக்குநர் வரைபடம் கொண்டுபோகிறார்.
எங்களுக்கும் உண்டு ஒரு படிவம், அதிலும் ஏழாவது கட்டம்.
சென்ற ஆண்டு எங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தவர்கள்,
உரிமம் கேட்டு வந்த ஒன்பது பேரையும் சேர்த்து:
இருபது.