ரஷ்யா டாக்டர்

சாப்டூரில் என் பெயர் அதுதான்.
கிர்கிஸ்தான் என்று முதல் மாதம் திருத்தினேன்.
"அதுவும் குளுருற ஊருதான?" என்றாள் மாயக்காள்.
விட்டுவிட்டேன்.

நாரினில் நான் பார்த்த ஆஸ்பத்திரியில்
அறுபது கட்டில், ஆறு நோயாளி.
வந்த பணத்தில் பாதி
கரி அடுப்பிலேயே எரிந்தது.
ஒரு பனிக்காலத்தில் முக்கால்வாசியைப் பூட்டினார்கள்.
முப்பது வருடம் கண் மட்டுமே பார்த்த
தமாரா பெத்ரோவ்னாவின் கையில்
இனி நீங்கள் குடும்ப மருத்துவர் என்று
ஒரு தாள்.
ஐம்பத்தெட்டு வயதில்
குழந்தை நெஞ்சில் குழாய் வைத்துக்
கேட்கப் பழகினார்.
"ஒன்றும் பிடிபடவில்லை, கடல் மாதிரி இரைகிறது."
அந்த நாட்டில் கடலே கிடையாது.

இங்கே எதையும் பூட்டவில்லை, கட்டினார்கள்.
புதுத் தரை, புதுப் பலகை, தடுப்பூசிக்குக் குளிர்பெட்டி.
ஆனாலும் தலைவலி என்றால்
முதல் பஸ்ஸில் மதுரை, பெரியாஸ்பத்திரி.
"எழுதி மட்டும் குடுங்க" என்று சீட்டு நீளும்.
நான் ஒரு பேனா, அவ்வளவுதான்.

போன மாதம் கலெக்டர் ஆபீசில் கூட்டம்.
திரையில் ஒரு கோபுரம் காட்டினார்கள்,
அடித்தளம் நாங்களாம்.
மிக்சர் நன்றாக இருந்தது.

மாயக்காளுக்கு ஜெயக்கொடி பட்டை சுற்றிக் காற்றடிக்கிறாள்.
நூற்றெழுபது. மறுபடியும்.
முப்பது நாள், முப்பது மாத்திரை, அட்டை காலி,
கணக்கில் ஒரு குறையும் இல்லை.
முதல் மாதம் கேட்டதற்கு "ஒழுங்காப் போடுறேன்."
அடுத்த மாதம் "மகாலிங்கம் சத்தியமா."
இந்த மாதம்
ஏதோ அலுப்பில் பேனாவை மூடி வைத்துவிட்டு
குழாயை நெஞ்சில் வைத்துச் சும்மா இருந்தேன்.
கடல்தான் கேட்டது.
அதற்குள்ளிருந்து அவள் குரல்:

"பாதி எனக்கு, பாதி அவருக்கு.
அவருக்கும் கிறுகிறுன்னு வருதாம்.
பொம்பளைக வரிசையில வந்து நிக்க மாட்டாராம்."

பதிவேட்டைப் புரட்டினேன்.
ஆண், பெண், வயது, ஆதார் எண், செல் நம்பர்.
அரை மாத்திரைக்காரருக்குக் கட்டம் இல்லை.

தலையை நிமிர்த்தினால்
ஜெயக்கொடி மெஷினைப் பைக்குள் திணித்துக்கொண்டு
செருப்பைத் தேடுகிறாள்.
"வாய்க்கால் பாலத்துல சீட்டு வெளாடுவாக.
மொத்தமாப் பிடிச்சிருவோம்."

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள்,
சேலை விளிம்பெல்லாம் நெருஞ்சி.
"ஏழு பேருக்குப் பாத்தேன், நாலு பேருக்கு எகிறுது."
மாயக்காள் வீட்டுக்காரர்?
"பட்டையப் பாத்ததும் ஓடிட்டாரு டாக்டர்.
அதுலயே தெரியுது, காலு நல்லாருக்கு.
நாளைக்கும் போறேன்."