ஏற்றியதற்கு விலை இல்லை

திண்டுக்கல் ஷோரூமிலிருந்து போனில் சொன்னார்கள்:
இஞ்சின், டயர், பேப்பர்.
மேலே நீங்கள் ஏற்றியதற்கெல்லாம்
விலை இல்லை சார்.

கழற்றிவிட்டுக் கொண்டுவந்தாலும்
அதே விலைதானா?
அதே விலைதான்.

அதனால் செவ்வாய்க்கிழமை
நாயுடுபுரத்தில் மழை விட்ட ஒரு மணி நேரத்தில்
ஸ்பானரோடு வேன் கூரைமேல் ஏறினேன்.
எல்லாம் துரு.
தேங்காயெண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
இஞ்ஞாசியம்மாள் கீழே நின்று
ஒவ்வொரு நட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்தாள்,
எந்த நட்டு எந்தச் சாமானுடையது என்று
இனி யாருக்கும் தெரியாதபடி.

சீசனில் வீட்டை டூரிஸ்ட்டுக்கு விட்டுவிட்டு
இந்த வேனுக்குள்தான் குடியிருப்போம்.
ஏப்ரல், மே. ஒன்பது வருஷம்.
எங்கள் கட்டிலில் யாரோ தேனிலவு கொண்டாட
எங்கள் வாசலிலேயே நாங்கள்
வெளியூர்க்காரர்கள்.
இரண்டு சீசனாய் யாரும் வரவில்லை.
இனி கேரட் ஏற்றினால் போதும் என்று
அவள்தான் முதலில் சொன்னாள்.

சோலார் பலகை பூம்பாறைக்குப் போனது,
பூண்டுக் காட்டின் மின்வேலிக்கு.
இனி அந்தப் பக்கம் மூக்கை நீட்டும் காட்டுமாட்டுக்கு
எங்கள் படுக்கை விளக்கு சுரீர் என்னும்.

மடக்கி விரிக்கும் பக்கப் பந்தல்
பெருமாள்மலையில் பட்டர்ஃப்ரூட் விற்கும் சகாயமேரிக்கு.
நாலாயிரம் சொன்னேன்.
இரண்டாயிரத்து எழுநூறும்
ஒரு பை பழமும் கொடுத்தாள்.
பழம் இன்னும் பழுக்கவில்லை.

சிங்க், தண்ணீர் டேங்க், இன்வெர்ட்டர் எல்லாம்
ஞாயிற்றுச் சந்தையில் சாக்கு விரித்து,
முள்ளங்கிக்கும் பழைய ஸ்வெட்டருக்கும் நடுவே.
ஒருத்தன் சிங்க்கைத் தட்டி
காதை வைத்துக் கேட்டான்,
தேங்காய் வாங்குகிறவன் மாதிரி.

மஞ்சள் விளக்கு இரண்டும்
மன்னவனூர் ஜீப் ஓட்டும் ஆரோக்கியதாஸுக்கு.
இடது விளக்கு கொஞ்சம் தரையைப் பார்க்கும்,
சொல்லித்தான் விற்றேன்.

மொத்தம் முப்பத்தோராயிரத்து நானூறு.

கழற்றக் கழற்ற ஓட்டை.
இருபத்தாறு.
எம்-சீல் உருட்டி உருட்டி அடைத்து
வெள்ளை அடித்தேன்.
வண்டியின் வெள்ளை ஒன்பது வருஷ வெள்ளை,
டப்பாவின் வெள்ளை நேற்றைய வெள்ளை.
அம்மை போட்டு எழுந்தவன் முகம்.

திங்கட்கிழமை இறங்கினோம்.
பெருமாள்மலைக்குக் கீழே பனி.
வெறும் ஹெட்லைட் அதில் மோதி
என் கண்ணுக்கே திரும்பி வந்தது.
எதிரே இரண்டு மஞ்சள்,
ஒன்று நேராக, ஒன்று தரையைப் பார்த்து.
மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.
ஒதுங்கி நின்றேன்.
ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.
நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்காது,
விளக்கு அவனிடம் அல்லவா இருந்தது.

ஷோரூம் பையன் கண்ணால் பார்க்கவில்லை,
விரலால் தடவிக்கொண்டே வந்தான்.
பதினேழைப் பிடித்துவிட்டான்.
மிச்சம் ஒன்பதை நான் சொல்லவில்லை.
ஓட்டைக்கு ஐந்நூறு கழித்தான்.
இஞ்ஞாசியம்மாள் உதட்டுக்குள் கூட்டிக் கழித்து
"இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்,
பழம் தனி" என்றாள்.

உள்ளே, கட்டில் இருந்த பக்கம்
ஒரு பித்தளைக் கொக்கி.
மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு அவள் தூங்கும் கொக்கி.
எல்லாத் திருகையும் எடுத்தவன்
இதை எப்படி விட்டேன்?
"இது?" என்றான்.
"கம்பெனி ஃபிட்டிங்" என்றாள்
கண் இமைக்காமல்.
எழுதிக்கொண்டான்.

குட்டியானையில் ஊர் திரும்பினோம்.
பிளாஸ்டிக் வாசனை. நாலு பக்கமும் வழுவழுத் தகரம்.
வத்தலக்குண்டு தாண்டியதும் அவளுக்குத் தூக்கம் வந்தது.
கண்ணாடியைக் கழற்றினாள்,
அங்கே இங்கே பார்த்தாள்,
மலை ஏறி முடிக்கும்வரை
கையிலேயே வைத்திருந்தாள்.