நனைந்த கயிற்றின் நீளம்

ஆதம்பாக்கத்தில், கார் நிறுத்தத்துக்கு நடுவே
இடிக்காமல் விட்ட ஒரு கிணறு.
இருபத்துநாலு வீடு அதை நம்பிக் குளிக்கிறது.

காலை ஆறு மணிக்கு
கயிற்று நுனியில் போல்ட்டைக் கட்டி
அடி தொடும்வரை இறக்குவார் மகிமைதாஸ்.
நனைந்த நீளத்தை டேப் வைத்துப் பார்த்து
வாட்ச்மேன் நோட்டில் எழுதுவார்.
மார்ச் மூன்று: 412.

ஏப்ரல் இருபத்துநாலு, இரவு.
சங்கத்துக்குப் பொருளாளர் என்ற பாவத்துக்கு
ஐம்பத்துமூன்று எண்களை எக்செல்லில் ஏற்றினேன்.
வலது கிளிக். டிரெண்ட்லைன். நேர்கோடு.
சமன்பாட்டைக் காட்டச் சொல்லி ஒரு டிக்.
எக்ஸுக்கு முன்னால் வந்து நின்றது
மைனஸ் மூன்று புள்ளி எட்டு.

பல் தேய்க்கையில் மூடாத குழாய்,
மூன்றாம் மாடியின் புது வாஷிங் மெஷின்,
வெயில்,
எல்லாம் சேர்ந்து
நாளொன்றுக்கு இத்தனை சென்டிமீட்டர்.
கோட்டை முன்னே நீட்டினேன்.
ஜூன் இருபத்திரண்டில் தரை தட்டியது.

ஆனால் புள்ளிகள் அதற்கு அடங்கவில்லை.
இரு முனையிலும் கீழே, நடுவில் மேலே,
தோளில் சரியாக உட்காராத சட்டை.
இரண்டாம் படிக்கு மாற்றினேன். வளைந்தது.
வளைந்த கோட்டுக்கு ஒரே சாய்வு கிடையாது,
ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் வேகம்.
பிளஸ் டூவோடு விட்டுவந்த வகைக்கெழுவை
மளிகை பில்லின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்:
மார்ச் மூன்றில் இரண்டரை.
இன்றைக்கு ஐந்து புள்ளி ஒன்று.
மே முப்பதோடு கிணறு முடிகிறது.

ஆசைக்கு ஆறாம் படியும்.
எல்லாப் புள்ளிக்கும் வளைந்து கொடுத்துவிட்டு
அடுத்த செவ்வாய் தண்ணீர்
மொட்டைமாடிக்கு ஏறும் என்றது.
எல்லோருக்கும் தலையாட்டுகிறவரை
எதிர்காலம் கேட்கக் கூடாது.

மார்ச் 23 முதல் 27 வரை
அப்போதுதான் கண்ணில் பட்டது.
352.5, 349, 345.5, 342, 338.5.
ஸ்கேல் வைத்து அடித்ததுபோல் ஐந்து புள்ளி.
நோட்டில் வேறெங்கும் இல்லாத அரை.
அளக்கிற கை கொஞ்சம் நடுங்கும்.
இது நடுங்கவில்லை.

காலையில் கேட்டேன்.
"அந்த அஞ்சு நாள் கோஷா ஆஸ்பத்திரியில இருந்தேன் மேடம்.
கொற மாசத்துல பொறந்துடுச்சு.
தெனம் ரெண்டு வெரல் கொறையுது,
என் வெரலு ஒண்ணே முக்கா.
கழிச்சிக் கழிச்சி எழுதிட்டேன்."

இருபத்தெட்டாம் தேதி இறக்கிப் பார்த்த கயிறு 334.
அவர் கழித்துக்கொண்டே போயிருந்தால் 335.

திட்டத் தயாராக வந்தவள் நின்றுகொண்டிருந்தேன்.
சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.
நர்ஸிடம் கேட்டுக் கேட்டு ஜெபசெல்வி எழுதியது, கிராம் கணக்கு:
1350, 1310, 1260, பிறகு மெதுவாக மேலே.
"அந்தக் கோடு ஏர்றதுக்கும் போடுமா மேடம்?"

போடும்.
முதல் சில நாளை விட்டுவிட்டுப் போட்டேன்.
நாளொன்றுக்குப் பதினைந்து கிராம்.
ஒரு புள்ளி மட்டும் பள்ளத்தில் கிடந்தது.
"அன்னைக்குப் பால் ஒத்துக்கல."
எடுத்துவிடட்டுமா என்றேன்.
"வேணாம். இருக்கட்டும்."

ஆயிரத்து எண்ணூறு வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.
மே நாலு, ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே என்றேன்.
அதே விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.
நேர்கோடு, வளைகோடு, இரண்டையும் காட்டினேன்.
மகிமைதாஸின் ஐந்து புள்ளியை
வெறும் வட்டமாக விட்டிருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
லாரிக்கு இப்போதே முன்பணம் கட்ட வேண்டும் என்றேன்.
"ஜூன்தான் பார்க்க நல்லா இருக்கு" என்றார்
செயலாளர் ரங்கமன்னார்.
ஓட்டுக்கு விட்டார்.
நேர்கோட்டுக்குப் பதினாலு கை.

ஓட்டு இல்லாத ஒருவர்
கதவருகே கயிற்றை விரித்து
வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.
இன்றைய ஈரம் மிச்சமிருந்தால்
நாளைய அளவு பிசகிவிடும்.