வேலைச்சீட்டு 212

பெண்ணையாறு ஊருக்குள் வந்துபோன மாதத்தில்
கடைக்கு வந்தவற்றுக்கெல்லாம் ஒரே வாசனை.
இன்வெர்ட்டர், செட்டாப் பெட்டி, தையல் மோட்டார்,
குண்டு உப்பலவாடியிலிருந்து ஒரு மிக்சி,
வயிற்றில் கெண்டைக் குஞ்சோடு.

சேறு கழுவி, தின்னர் தடவி,
ஹேர் டிரையரில் காயவைத்து
பிழைத்தவை பிழைத்தன.
செத்தவற்றின் பச்சைப் பலகைகளில்
மார்க்கரால் எண் எழுதி, கோணியில் கட்டி
மாடிப்படிக்கு அடியில் தள்ளினேன்.
முந்நூற்றுச் சொச்சம்.
கேட்டு யாரும் வரவில்லை.
பழைய இரும்புக்காரர் சொன்ன விலை
தூக்கிப்போகும் ஆட்டோவுக்கே காணாது.

ஒரு மதியம் டீ கிளாசை
கைக்கு அகப்பட்ட கார்டின் மேல் வைத்தேன்.
வட்டம் பதிந்தது. துடைத்தேன். போய்விட்டது.
கோஸ்டர் வியாபாரத்தின் கதை
அவ்வளவுதான்.

ஹீட் கன் காட்டினால் ஈயம் இளகும்.
தட்டினால் கெப்பாசிட்டர்கள்
பழுத்த நாவல் போல் உதிரும்.
ஐசியின் கால்களை ஒட்ட நறுக்க வேண்டும்,
இல்லையென்றால் மேசையைக் கீறும்.
அறுக்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள்
கரும்புச் சோகையின் சுணையைவிட மோசம்.
முகமூடி, முழுக்கைச் சட்டை, கழுத்துக்குத் துண்டு,
அப்படியும் ராத்திரி முழங்கை மடிப்பில் அரிக்கும்.
நாலு அங்குலச் சதுரம். விளிம்புக்கு உப்புத்தாள்.
மேலே ரெசின், தேன் பதத்தில்.
குமிழ் வந்தால் லைட்டரைக் காட்டு,
அடங்கிவிடும்.

புதுச்சேரி துய்மா வீதியில் காபிக்கடை வைத்திருக்கும்
அந்துவான் சவரிராயன் நாற்பது வாங்கினார்.
ஒன்று நூற்றைம்பது.
அங்கே உட்கார்ந்த ஒருவர் கேட்டாராம்,
இது எந்த ஊரின் வரைபடம் என்று.

ஊர் எதுவும் இல்லை. மின்சாரம் போன வழி.
ஓரிடத்தில் செம்பு பச்சை பூத்து வழி அறுந்திருக்கும்;
தண்ணீர் உட்கார்ந்த இடம் அது.
அதற்கு நேர் மேலே இப்போது
ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு வேர்க்கிறது.
இந்த முறை உள்ளே இறங்காது.
ரெசின் இரண்டு மில்லி.

பதினாலு மாதம் கழித்து
அஞ்சலாட்சி வந்தார், சீட்டோடு.
எண் 212. வாஷிங் மெஷின் கார்டு.
முன்பணம் இருநூறு. சீட்டிலும் சேற்றுக்கறை.

‘மெஷின் எப்படி இருக்குங்க’ என்று
சுற்றி வளைத்தேன்.
‘அதை அப்பவே எடைக்குப் போட்டாச்சு.
கார்டைக் குடு, இல்ல இருநூறைக் குடு.’

கார்டு நாலு சதுரமாகிவிட்டது.
மூன்று துய்மா வீதியில்.
ஒன்று என் அலமாரியில்,
ரெசினுக்குள் என் கையெழுத்தில் 212.

எடுத்துக் கொடுத்தேன்.
புரட்டினார். நகத்தால் சுரண்டினார்.
‘என்னது?’
‘டம்ளருக்குக் கீழ வைக்கிறது.’
‘பிரிமணையா?’

எத்தனை நாள் தேடியிருக்கிறேன் அந்தச் சொல்லை,
விலைப்பட்டியலில் ‘கோஸ்டர்’ என்று அடித்து
அடித்ததை அழித்து.

‘பானைக்கு அடி உருண்டை, வைக்கணும்.
டம்ளர் தானா நிக்குமே, இதுக்கு எதுக்கு?’
‘மேசையில கறை படியாம.’
‘துடைச்சாப் போச்சு.’

பின்பக்கம் விலை ஒட்டியிருந்தது. பார்த்துவிட்டார்.
முதுநகர்த் துறையில் மீன் ஏலம் எடுக்கிறவர்
என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.
உதடு மட்டும் அசைந்தது.

‘மூணு வித்துட்ட, நானூத்தம்பது.
பசைக்கும் உன் கைக்கும் பாதி வச்சுக்க.
என் பாதி இருநூத்தி இருபத்தஞ்சு.
முன்பணம் இருநூறு.
நாலாவது என்னுது.’

நானூற்று முப்பது கொடுத்தேன்.
ஐந்து ரூபாய் சில்லறை
இல்லை என்றார்.

மறுநாள் புதுச் சீட்டுப் புத்தகம் அச்சுக்குப் போனது,
அடியில் ஒரு வரி கூடுதலாக:
தொண்ணூறு நாளில் வாங்காத பொருள்
பிரிமணையாக்கப்படும்.

அச்சகத்திலிருந்து போன்.
‘எழுத்துப்பிழையாம்மா?’
இல்லைங்க, அப்படியே போடுங்க.
பக்கத்தில், பாதிப் பங்கு உண்டு
என்றும் போடுங்க.
கொஞ்சம் சின்ன எழுத்தில்.