இரண்டு மில்லிமீட்டர்

எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலம்.
சோப்பு, செருப்பு, பெலாச்சான், பிஸ்கட் எல்லாம் ஆரஞ்சு.
பாயான் லெப்பாஸில் ஒன்பது வருடமாக
இந்த இரண்டு நிறங்களில்தான்
ஊர் என்னைக் கடந்துபோகிறது.

கத்தி வந்தால் தெரிந்துவிடும்.
யாருக்கும் தெரியும்.
எனக்குக் கூடுதலாகத் தெரிவது
அது எதனால் பூட்டிக்கொள்கிறது என்பது.
முதுகில் நீளக் கம்பி ஓடினால்
கைப்பிடியின் பின்புறம் அழுத்தி மடக்குகிற ரகம்.
உள்தகடு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து
அலகின் குதிகாலுக்கு முட்டுக்கொடுத்தால் லைனர்.
வெறும் வில் மட்டும் என்றால் பூட்டே இல்லை,
பிடிவாதம்தான்.

ரெலாவ் ஃபிளாட்டில்
துணி அலமாரியின் கீழ் இழுப்பறையில்
என்னிடம் பதினான்கு இருக்கின்றன.
எல்லாம் இனி வராதவை.
ஒன்று, கம்பெனி திவாலானதால்.
ஒன்று, கைப்பிடியின் பிசின் வாடை பொறுக்காமல்
வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியதால்.
லோரோங் கூலிட்டில் ஞாயிறு காலை
ரைஸ் குக்கர் மூடிகளுக்கும் செத்த ரிமோட்டுகளுக்கும் நடுவே
குந்தியிருந்து பேரம் பேசியவை.
"மீன் வெட்டுமா இதெல்லாம்?" என்பாள் நோராஸ்லின்.
ஒரே ஒருமுறை வெங்காயத்தாள் நறுக்கினேன்.
அன்று இரவே எண்ணெய் போட்டுத் துடைத்து
மன்னிப்புக் கேட்பதுபோல் மடக்கி வைத்தேன்.

பதினைந்தாவது, ஹால்வெர்ட் எழுபத்தொன்று.
அலகின் அடிக்கும் கைப்பிடிக்கும் இடையில்
ஓர் எஃகுக் குண்டு உருண்டுவந்து அடைத்துக்கொள்ளும்.
மிளகளவு.
அந்தக் குண்டுக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து
இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள்.
படத்தில் போட்டிருந்த அளவை நம்பி
ஸ்பாஞ்சில் அதற்கொரு குழி
பேப்பர் கட்டரால் வெட்டி வைத்திருந்தேன்,
ஆறு வருடமாக.

செவ்வாய்க்கிழமை. கூச்சிங் விமானத்துக்கு முந்தைய நெரிசல்.
ஒரு சாம்பல் பை.
சார்ஜர், மாத்திரை டப்பா, தாவ் சா பியா இரண்டு பெட்டி.
அடியில் நீலத்தில் மடங்கிக் கிடந்தது ஒன்று.
அதற்குள் கறுப்பாய், வட்டமாய், ஒரு புள்ளி.

பெல்ட்டை நிறுத்தினேன்.
பொத்தானில் என் விரல்
தேவைக்கு மேல் இருந்துவிட்டது.

பைக்காரர் ஓய் செங் ஹுவாட், தொழிற்சாலைச் சட்டை.
கம்பெனி விருந்தில் குலுக்கலில் விழுந்ததாம்.
அட்டைப்பெட்டி டேப் கிழிக்கிறாராம்.
கீழே போய் செக்-இன் பையில் போடலாம் என்றேன்.
நேரம் இருக்கிறதா என்று என்னையே கேட்டார்.
இல்லை.
யாரையாவது வரச்சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றேன்.
"புவாங் ஜெ லா, டிக்."
தூக்கிப் போடும்மா என்று
கையால் ஒரு ஈ விரட்டினார்.

விதி எனக்கு மனப்பாடம்.
எடுத்த எதுவும் பணியாளர் வீட்டுக்குப் போகாது.
கண்ணாடிப் பெட்டிக்குச் சாவி மேற்பார்வையாளரிடம்.
பதிவேட்டில் வகை எழுத வேண்டும்:
மடக்குக்கத்தி, பூட்டு உண்டா, இல்லையா.
அதைச் சோதிக்க ஒருமுறை திறக்கலாம்.

திறந்தேன்.

டக் என்று இல்லை. டொக் என்றும் இல்லை.
கேரம் காய் வலைக்குள் விழுந்து
இன்னொரு காயைத் தொடுகிற சத்தம்.
அலகை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன்.
ம்ஹூம்.
மடக்கும்போது குண்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.
கட்டைவிரலுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

"பூட்டு?" என்றாள் நோராஸ்லின், பேனாவோடு.
"உண்டு."
ஒரு டிக் போட்டாள்.

நகவெட்டிகளின் மேல், ஒரு பொம்மைக் கைவிலங்கின் மேல்
விழுந்து பக்கவாட்டில் சரிந்தது.
ஷிப்ட் முடியும்வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
இரண்டு முறை பார்த்தேன்.

இரவு குளித்துவிட்டு இழுப்பறையை இழுத்தேன்.
உள்ளங்கை இன்னும் அந்த நீளத்தை வைத்திருந்தது.
காலிக் குழியின் மேல் வைத்துப் பார்த்தேன்.
நான் வெட்டியது கட்டை.
இரண்டு மில்லிமீட்டராவது பற்றாது.

பதினான்கில் மிகக் கூரானதை எடுத்து
தகடு விழுகிறவரை விரித்து
ஸ்பாஞ்சின் ஓரத்தை
மெல்லச் சீவினேன்.