அறுபது நாள்

தரமணியில், மூன்றாம் மாடியில்,
ஒரு தண்ணீர்த்தொட்டி ராப்பகலாய் ஆடிக்கொண்டிருக்கிறது.
முப்பத்தேழு டிகிரி. உடம்புச் சூடு.
அதில் இருபத்துநாலு குப்பி.
குப்பிக்குள் கண்ணுக்குப் பிடிபடாத பாலிமர் மணிகள்.
மணிக்குள், மூளைக்குக் காவலாய் ஒரு மருந்து.

என் வேலை சுலபம்.
காலை பத்தரைக்கு ஒரு மில்லி உறிஞ்சி எடுக்க வேண்டும்,
ஒரு மில்லி புதிதாய் விட வேண்டும்,
எவ்வளவு கசிந்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.
ரீடிங் எடுப்பது.
அவர் பார்த்த வேலையும் அதுதான்.

முதல் பதினோரு பேட்சும் அவசரக்குடுக்கைகள்.
முதல் நாளே பாதியைக் கொட்டிவிட்டு
சம்பளக்காரன் மாதிரி
பத்தாம் தேதி கையை விரித்தன.
இம்தியாஸ் பாலிமரை மாற்றினான்,
கலக்கும் வேகத்தை மாற்றினான்,
ஆம்பூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பிரியாணியை
மூன்று நாள் பையிலேயே மறந்தான்.
பன்னிரண்டாவதுதான் நிதானம்.
இன்றைக்கு நாற்பத்தோராம் நாள்.
இன்னும் சொட்டுச் சொட்டாய்,
வட்டி கட்டுகிறவள் போல
தவணை தவறாமல்.

அறுபது நாள் தாங்கினால்
எலிக்குப் போகலாம் என்றார் வசுமதி மேடம்.
எலி தேறினால் பெரிய விலங்கு. அப்புறம் மனிதர்.
அதுவும் இன்னும் மறக்கத் தொடங்காதவர்களுக்கு.
காப்பதற்குத்தான், மீட்பதற்கில்லை.
இதை மட்டும்
என் முகம் பார்க்காமல் சொன்னார்.

அறுபது நாள் எனக்குப் பழகிய கணக்கு.
இரண்டு மாதத்துக்கு ஒருதரம்
ராயபுரத்துச் சந்துகளில் சூசைமாணிக்கம் வந்தால்
நாய்கள் குரைக்காது.
எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில்,
எது கோழிக்கூண்டுக்குப் பின்னால்,
எது ராத்திரியில் மட்டும் மெதுவாய் ஓடும்,
எல்லாம் அத்துப்படி.

இப்போதும் போகிறார்.
ஐம்பத்தெட்டு வயது. கைலியோடு
எதிர்வீட்டுக்குள் நுழைந்து
பெட்டி இல்லாத சுவரைத் தடவுகிறார்.
ரெஜினா போன் அடிப்பாள்:
"அண்ணன் இங்கதான் இருக்கார், டீ குடிக்கிறார்."
பறக்கும் ரயிலில் நின்றபடி சரி என்பேன்.
கீழே பக்கிங்ஹாம் கால்வாய்,
ஓடுகிறதா நிற்கிறதா என்று
இருபது வருஷமாய்ச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
கொண்டுபோகக் கூடாது.
எண்களைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
விரல் ஒரு வரிசையில் மெல்ல இறங்கியது.
"ஒரே சீரா ஓடுது. மீட்டர்ல ஃபால்ட் இல்ல."
நாற்பது நாளில்
இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

பிறகு நிமிர்ந்து
என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்,
பெட்டி எங்கே என்று தேடுகிற பார்வை.
பேனாவை வாங்கி
நாற்பத்தோராம் நாள் கட்டத்தில்
அந்தப் பழைய குண்டுகுண்டுக் கையெழுத்தில் எழுதினார்:
கதவு பூட்டியிருந்தது.

காலையில் இம்தியாஸ் கேட்டான்,
அக்கா, இது என்ன ரீடிங்?

ஒற்றைக் கோடுதான் இழுக்க வேண்டும்,
கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
நோட்டின் விதி அது.
இழுத்தேன். தேதி போட்டேன்.
மணி பத்தரை.
ஒரு மில்லி.