இலங்கை உங்களை வரவேற்கிறது

கடைக்கு அகலம் ஆறடி.
தங்கச்சிமடத்தில், கருவாட்டு மூட்டை ஏற்றும் வண்டி நகர்ந்தால்
மஞ்சள் பலகை தெரியும்.
ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், சார்ஜர் வயர்.
நான் எங்கும் போனதில்லை.
மதுரைக்கு ஒரு தடவை, பல்லுக்காக.

ஆனாலும் பஹ்ரைன் விசைப்படகுக்குப் போகிறவர்
என்னிடம்தான் வருகிறார்.
போன வாரம் டெனிட்டன் அண்ணன்.
விசாத்தாள் சட்டைப்பையில் வியர்வையோடு ஒட்டிக் கிடந்தது.
"ஜெபமலர், அங்க போனா போன் ஒரு நாளைக்கு
எவ்வளவு திங்கும்?"

திங்கவிட்டாத்தானே அண்ணே.

கம்பெனி ரோமிங் பேக்கு வேணாம்,
பத்து நாள் பேச்சுக்கு ஒரு வலைத்துண்டு விலை.
ஏறுறதுக்கு முன்னாடி டேட்டா ரோமிங்கை அணைச்சிரு.
அணைச்சதை இன்னொரு தரம் பாரு,
கேஸ் அடுப்பைப் பாக்குற மாதிரி.
நம்ம சிம்மைத் தூக்கி எறிஞ்சிராதே,
ரெண்டாவது பொந்துல கிடக்கட்டும்.
பேங்க் ஓடிபி அதைத் தேடித்தான் வரும்.
வர்ற மெசேஜுக்குக் காசு இல்ல,
வர்ற போனை எடுத்தாத்தான் காசு.
அண்ணி கூப்பிட்டாலும் வெட்டிவிடு,
வைஃபைக்கு வந்து நீயே கூப்பிடு.
ஏர்போர்ட்டுல சிம் விக்கிறவன் சிரிப்பான், நம்பாதே.
வெளிய வந்து ஒரு மலையாளி கடை தேடு.
அப்புறம் அந்த ஊர் குரூப்பு,
தினம் விடிஞ்சா ஒரு ரோஜாப்பூ அனுப்புதே,
அது தானா இறங்குறதை நிறுத்து.
ஒவ்வொரு பூவும் உன் சோத்துல ஒரு கை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
"ரோமிங் எங்க இருக்கு?" என்றார்.
அவர் போனில் பாதித் திரை செத்திருந்தது.
என் போனை எடுத்து, திறந்து, தட்டி,
இதோ பாருங்க, பச்சையானா உசிரோட இருக்கு, என்று காட்டினேன்.
அதற்குள் யாரோ இயர்போன் கேட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயல்குடிச் சொந்தக்காரர்களோடு
அரிச்சல்முனைக்குப் போனேன்.
ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல்,
நடுவில் ஈரச் சேலையோடு நான்.
போன் துடித்தது.
'இலங்கை உங்களை வரவேற்கிறது.'

பாஸ்போர்ட் இல்லை, பெட்டி இல்லை,
காலில் ஒற்றைச் செருப்பு, இன்னொன்றை அலை வாங்கிக்கொண்டது.
அணைக்காத பச்சை.
மச்சான் மகளுக்கு அனுப்பிய ஒரே ஒரு படம்
பாதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அழைப்பு. தெரியாத நம்பர், வெளிநாட்டு எண்.
வெட்டியிருக்க வேண்டும்.
என் வாயால் சொன்ன சட்டம்.

"ஜெபா, நான்தான். ரூமுல வைஃபை படுத்திருச்சு.
வீட்டுல ஒருத்தரும் எடுக்கல. பத்திரமா வந்துட்டேன்னு சொல்லிரு."

எடுக்கமாட்டாங்க அண்ணே, நான் சொன்னதை அண்ணியும் கேட்டிருக்கும்
என்று சொல்ல வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.
அவர் சிம்மிலும் காசு கரைகிறது, என் சிம்மிலும் கரைகிறது.
இருவரில் ஒருவராவது வைக்க வேண்டும்.
"அங்க என்ன அவ்வளவு இரைச்சல்?"
கடல்.
"எந்தக் கடல்?"
திரும்பிப் பார்த்தேன். ரெண்டும்தான், என்றேன்.
"இங்க கடல் சத்தமே போடமாட்டேங்குது, ஜெபா" என்றார்.
அதற்கு என்ன பதில் சொல்வது என்று
நான் யோசித்த வினாடிகளுக்கும் கட்டணம் உண்டு.

பாலன்ஸ் தீர்ந்து அறுந்தது.
பஸ்ஸில் திரும்பும்போது முகுந்தராயர் சத்திரம் தாண்டி
நம் டவர் வந்து சேர்ந்தது, தாமதத்துக்கு வெட்கமே இல்லாமல்.

இறங்கியதும் நேரே அண்ணி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.
வெளிநாட்டு நம்பர், அதான் எடுக்கல, என்றது.

கடைக் கணக்கு நோட்டில்
முந்நூற்றுப் பதினெட்டு ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது?
கரண்டு பில் இல்லை. வாடகை இல்லை. டீ இல்லை.
வெகுநேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு
புதுப் பக்கம் திருப்பி
'பயணம்' என்று எழுதினேன்.
கீழே நிறைய இடம் இருக்கிறது.